மரவள்ளி மாவு வாங்கவும் அரைக்கவும் சில குறிப்புகள்

கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கும் வீடுகளில் மரவள்ளி மாவு இப்போது நன்றாகவே புழங்குகிறது. ஆனால் ஒரு பொட்டலம் புட்டுக்குப் பொலபொலவென்று வரும், அடுத்தது பசையாகக் கையில் ஒட்டும், மூன்றாவது அடித்தொண்டையில் லேசாகக் கசக்கும். மில்காரரைத் திட்டிப் பயனில்லை. எந்த ரகக் கிழங்கு, தோண்டி எத்தனை நாளாயிற்று, சீவினார்களா துருவினார்களா, எப்படிக் காயவைத்தார்கள் என்பதிலேயே மாவின் குணம் முக்கால்வாசி முடிவாகிவிடுகிறது. அரவை கடைசி வேலை, அவ்வளவுதான்.

1. முதலில் வாங்குவது எது என்று பாருங்கள். கடைகளில் ஒரே பெயரில் இரண்டு பொருள்கள் விற்கின்றன. ஒன்று, முழுக் கிழங்கையும் காயவைத்து அரைத்த மாவு. மற்றது, கிழங்கை அரைத்து, தண்ணீரில் கரைத்து, தொட்டியில் தெளியவிட்டு எடுத்த ஸ்டார்ச். சேலம், நாமக்கல் பக்கத்து ஆலைகளில் ஜவ்வரிசிக்கு மூலப்பொருள் இந்த ஸ்டார்ச்தான். இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்தால் ஸ்டார்ச் நறநறவென்று சத்தம் போடும். முழு மாவு மெத்தென்று இருக்கும், நிறமும் கொஞ்சம் பழுப்பு ஓடும். சந்தேகம் தீராவிட்டால் ஒரு ஸ்பூன் மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து அடுப்பில் வைத்துக் கிளறுங்கள். கண்ணாடி போலத் தெளிந்து இழுபட்டால் ஸ்டார்ச். கலங்கலாகவே கெட்டிப்பட்டால் முழு மாவு. ஸ்டார்ச்சில் புட்டு அவிக்க முயன்றால் கிடைப்பது கோந்துதான். சூப்பைக் கெட்டியாக்கவும், பொரிக்கும் பண்டத்துக்கு மேல்மாவாகவும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

2. கிழங்கு வாங்கி வீட்டில் மாவாக்குவதென்றால் ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். காய்கறிக் கடைக்காரருக்குத் தெரியாமல் இருக்கலாம். சந்தையில் விவசாயியிடமே வாங்கினால் சொல்லிவிடுவார். திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963-இல் தொடங்கிய மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் 1971-இல் வெளியிட்ட ஹெச் 97, ஹெச் 165, ஹெச் 226 ஆகிய வீரிய ரகங்களில் பின்னிரண்டும் சேலம் வட்டாரத்தில் ஆலைக் கிழங்காக வேரூன்றின. முள்ளுவாடி, குங்கும ரோஸ் என்று விவசாயிகள் வாயில் வழங்கும் பெயர்களும் உண்டு. ஆலைக் கிழங்கில் மாவுச்சத்து கூடுதல், ஸ்டார்ச் நன்றாக இறங்கும். ஆனால் வேகவைத்தால் சிலது ரப்பராக நிற்கும், சிலது கசக்கும். கேரளத்தில் சமையலுக்கென்றே பெயர் வாங்கிய எம் 4 அப்படியில்லை. வெந்தால் உதிரும், கசப்பும் குறைவு. வீட்டில் சீவிக் காயவைத்து அரைக்கிற மாவுக்கு, வேகவைத்துத் தின்னத் தோதான ரகமே நல்லது. ஆலை ரகத்தில் மாவு கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கிறதே என்று ஆசைப்பட வேண்டாம். காரணம் அடுத்த குறிப்பில்.

3. மரவள்ளியில் லினமரின் என்றொரு பொருள் இருக்கிறது. கிழங்கின் திசு நசுங்கும்போது அது உடைந்து சயனைடு வெளிவரும். எல்லா ரகத்திலும் இது உண்டு, அளவுதான் வேறு. பச்சைக் கிழங்கு கிலோவுக்கு 50 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் அதை இனிப்பு ரகமாக உலக உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் கொள்கிறது. சாப்பிடும் மாவுக்கு அதே அமைப்பு வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 10 மில்லிகிராம். காயும்போது தண்ணீர் போய் மற்றதெல்லாம் செறிவாகிறது. அப்படியிருந்தும் மாவின் வரம்பு கிழங்கின் வரம்பில் ஐந்தில் ஒன்று. ஆகவே நல்ல ரகமாகவே இருந்தாலும் பக்குவம் செய்யாமல் மாவாக்கக் கூடாது. தோல் சீவிய கிழங்கில் துளி கிள்ளி நாக்கில் வைத்துத் துப்பிப் பாருங்கள். கசந்தால் அந்தக் கிழங்கைச் சீவல் மாவுக்கு எடுக்காதீர்கள். கசக்கவில்லை என்பதை மட்டும் முழு உத்தரவாதமாகவும் கொள்ளாதீர்கள். கசப்பும் சயனைடு அளவும் எப்போதும் கைகோத்துப் போவதில்லை.

4. மழை பொய்த்த ஆண்டுக் கிழங்கில் கூடுதல் கவனம் வேண்டும். வறட்சியில் வாடிய செடியின் கிழங்கில் இந்த நச்சு ஏறும். ஆப்பிரிக்காவில் மொசாம்பிக்கின் நம்புலா மாகாணத்தில் 1981-இல் கடும் வறட்சி. வேறு உணவில்லாமல் கசப்பு மரவள்ளியைச் சரியாகப் பக்குவம் செய்யாமல் உண்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குக் கால்கள் செயலிழந்தன. பெரும்பாலும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும். பல மாதம் அதை மட்டுமே தின்ற கொடுமை அது. வாரம் ஒருநாள் புட்டு சாப்பிடும் நமக்கு அந்த நிலை வராது. ஆனால் நாள்களை மிச்சம் பிடிக்கப் பக்குவத்தில் கைவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் தேவையில்லை.

5. நீண்ட வறட்சிக்குப் பிறகு மழை பெய்து செடி புதிதாகத் துளிர்த்திருக்கும் நேரத்தில் தோண்டிய கிழங்கையும் மாவுக்கு வாங்காதீர்கள். துளிர் விடுவதற்குக் கிழங்கில் இருக்கும் மாவையே செடி செலவழிக்கும். கிழங்கு பருமனாகத் தெரியும், காயவைத்தால் சுண்டிப்போகும்.

6. மாவுச்சத்தை மதிப்பிட ஆலைகளில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கிழங்கை வெளியே ஒரு தடவையும், தண்ணீரில் மூழ்கவைத்து ஒரு தடவையும் எடைபோட்டு 'பாயிண்ட்' கணக்கிடுவார்கள். விவசாயிக்கு விலையும் பாயிண்டுக்கு இவ்வளவு என்றுதான். தூக்கிப் பிடிக்கும் டிஜிட்டல் தராசு வீட்டில் இருந்தால் நீங்களும் செய்யலாம். இரண்டு கடைக் கிழங்கில் ஒவ்வொரு கிலோ எடுத்து, வலைப்பையில் போட்டு, பக்கெட் தண்ணீருக்குள் அடி தட்டாமல் தொங்கவிடுங்கள். தண்ணீருக்குள் எது கூடுதல் எடை காட்டுகிறதோ அதில்தான் மாவு அதிகம். பொதுவாக நான்கு கிலோ கிழங்குக்கு ஒரு கிலோ மாவை ஒட்டிக் கிடைக்கும். அதற்கு வெகுவாகக் குறைந்தால் கிழங்கு இளசு, அல்லது தோலோடு சதையையும் சீவித் தள்ளியிருக்கிறீர்கள்.

7. தோண்டி இரண்டு நாளுக்குள் வேலையை முடியுங்கள். மரவள்ளி உருளைக்கிழங்கைப் போலக் கூடையில் காத்திருக்காது. இரண்டு மூன்று நாளில் உள்ளே நரம்பு நரம்பாக நீலமும் கறுப்புமாகக் கோடு ஓடத் தொடங்கும். அது அழுகல் இல்லை, வெட்டுப்பட்ட இடத்திலிருந்து உள்ளே காற்றுப் பட்டதால் வருவது. என்றாலும் அந்தக் கிழங்கில் அரைத்த மாவு சாம்பல் பூத்துப் பழைய வாடை அடிக்கும். எத்தனை சலித்தாலும் போகாது. வாங்கும்போதே ஒரு கிழங்கைக் குறுக்கே உடைத்துக் காட்டச் சொல்லுங்கள். சட்டென்று முறிந்து பால்வெள்ளையாக இருக்க வேண்டும்.

8. தோல் இரண்டு. வெளியே மண்நிறச் சருகு; அதற்கடியில் வெள்ளையோ இளஞ்சிவப்போ ஓடிய தடித்த தோல். சருகை மட்டும் சுரண்டிவிட்டு நிற்காதீர்கள். நச்சு அதிகம் சேர்ந்திருப்பது உள்தோலில்தான். நீளவாக்கில் ஒரு கீறல் போட்டு, கத்தி முனையால் நெம்பினால் பட்டையாக உரிந்து வரும். அந்தப் பச்சைத் தோலை ஆடு மாடுகளுக்கு அப்படியே போடுவது ஆபத்து.

9. உரித்த கிழங்கை உடனே தண்ணீரில் போடுங்கள். துருப்பிடித்த இரும்புக் கத்தி, இரும்புச் சத்து கலந்த போர்த் தண்ணீர் இரண்டும் மாவின் நிறத்தைக் கெடுக்கும். எவர்சில்வர் கத்தி போதும். நடுவே ஓடும் நாரை இழுத்துவிடுங்கள்.

10. இனி முக்கியமான விஷயம்: சீவுவதா, துருவுவதா? மெல்லிசாகச் சீவி மொட்டை மாடியில் போட்டால் ஒரே நாளில் காய்ந்து வெள்ளை வெளேரென்று இருக்கும். பார்க்க அழகு. ஆனால் லினமரினை உடைக்கும் நொதி கிழங்கின் உயிரணுச் சுவரில் இருக்கிறது. லினமரின் உயிரணுவுக்கு உள்ளே வேறு அறையில். சுவர் நொறுங்கினால்தான் இரண்டும் சந்திக்கும். சந்தித்து உடைந்த பிறகு வரும் சயனைடு 26 டிகிரி செல்சியஸிலேயே ஆவியாகிப் பறந்துவிடும். கத்தியால் சீவும்போது வெட்டுவாயில் இருக்கும் உயிரணுக்கள் மட்டுமே உடைகின்றன. மிச்சத்தில் நொதி வேலை செய்ய ஈரம் வேண்டும், அந்த ஈரத்தைத்தான் வெயில் அவசரமாக எடுத்துவிடுகிறது. வெயிலில் மட்டும் காயவைத்த கிழங்கில் கால்வாசி முதல் மூன்றில் ஒரு பங்கு வரை லினமரின் தங்கிவிடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். துருவி, புளிக்கவைத்து, பிழிந்து, வறுக்கிற மேற்கு ஆப்பிரிக்க 'கரி' மாவில் தங்குவது சுமார் நூற்றுக்கு இரண்டு பங்கு. எத்தனை பெரிய வித்தியாசம் பாருங்கள்!

ஆகவே என் வாக்கு துருவலுக்கே. தேங்காய்த் துருவி வேண்டாம், கை நொந்துவிடும். மிக்ஸியில் தண்ணீர் அதிகம் விடாமல் கொரகொரப்பாகச் சுற்றினாலும் சரிதான். அகலமான பாத்திரத்தில் மூடாமல், காற்றோட்டமான இடத்தில் இரண்டு மூன்று மணி நேரம் வையுங்கள். பிறகு வெள்ளைத் துணியில் கட்டி, மேலே அம்மிக்கல்லையோ தண்ணீர் நிரப்பிய குக்கரையோ பாரமாக வைத்துப் பிழியுங்கள். பிழிந்த உருண்டையை உதிர்த்துத் தட்டில் பரப்பிக் காயவையுங்கள். நைஜீரியாவில் இபாடான் நகரில் இருக்கும் வெப்பமண்டல வேளாண்மை ஆய்வு நிறுவனம் பரப்பிய 'உயர்தர மரவள்ளி மாவு' முறையும் ஏறக்குறைய இதேதான்: உரி, கழுவு, துருவு, பிழி, உடனே உலர்த்து. எல்லாம் 24 மணி நேரத்துக்குள். புளிக்க விடாததால் ரொட்டி, பிஸ்கட்டுக்குக் கோதுமை மாவோடு கலக்கத் தோதாக வாடையில்லாமல் இருக்கும்.

11. பிழிந்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். ஒரு மணி நேரம் அசையாமல் வைத்தால் அடியில் ஸ்டார்ச் படியும். மேல்நீரை வடித்துவிட்டு, நல்ல தண்ணீர் ஊற்றிக் கலக்கித் தெளியவிட்டு, மறுபடி வடித்துக் காயவைத்தால் வடாமுக்கு ஆகும். வடித்த முதல் தண்ணீரில்தான் நச்சு இறங்கியிருக்கிறது. அது கழனித்தொட்டியில் சேரக் கூடாது.

12. கேரளத்திலும் கன்னியாகுமரிப் பக்கத்திலும் மழைக்காலத்துக்குச் சேமிக்கும் கிழங்கில் இரண்டு வகை. அரைவேக்காட்டில் வடித்துக் காயவைப்பது 'வாட்டுக்கப்பை'. வேகவைக்காமல் காயவைப்பது 'வெள்ளுக்கப்பை'. வாட்டியது கல் மாதிரி இருக்கும், பூச்சி சுலபத்தில் துளைக்காது, மாதக்கணக்கில் கெடாது. மாவுக்கு எது? வாட்டியதை அரைக்க மில்காரர் முகம் சுளிப்பார். அதன் மாவுச்சத்து ஏற்கெனவே வெந்திருப்பதால் மாவு தண்ணீரை அதிகம் குடிக்கும், கஞ்சிக்கு நல்லது. ரொட்டிக்கு இழுவை போதாது. புட்டுக்கு வெள்ளுக்கப்பை மாவே பொருத்தம்.

வேகவைத்துவிட்டோமே, நஞ்செல்லாம் போயிருக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. சூட்டில் சாவது நொதி. லினமரின் அந்தச் சூட்டைத் தாங்கிக்கொள்ளும். வேகவைக்கும்போது அது தண்ணீரில் கரைந்து போக வேண்டுமே தவிர உடைந்து போவதில்லை. எனவே சின்னத் துண்டாக நறுக்கி, கிழங்கைப் போல நாலைந்து மடங்கு தண்ணீர் வைத்து, மூடாமல் கொதிக்கவிட்டு, தண்ணீரை முழுக்க வடித்துவிடுங்கள். கசக்கும் ரகத்துக்கு இது போதாது.

13. ஊறப்போட்டுச் செய்யும் முறையும் இருக்கிறது. உரித்த கிழங்கைத் துண்டுகளாக்கி மூன்று நாள் தண்ணீரில் அமிழ்த்தி வைத்தால் விரலால் அமுக்கினாலே நசுங்கும் பதத்துக்கு வரும். நாரை எடுத்துவிட்டுப் பிசைந்து காயவைத்து அரைப்பார்கள். நைஜீரியாவின் யொரூபா மக்கள் இந்த மாவை 'லாஃபுன்' என்கிறார்கள். நச்சு நன்றாக இறங்கிவிடும். பதிலுக்குப் புளிப்பு வாடை ஏறும். நம் நாக்குக்குப் புட்டில் அது பிடிக்காது. அடை, தோசையில் சேர்த்தால் தெரியாது. புளிப்பையே லாபமாக்கிக்கொண்டவர்கள் பிரேசில்காரர்கள். ஸ்டார்ச்சைத் தண்ணீருக்கடியில் வாரக்கணக்கில் புளிக்கவிட்டு வெயிலில் உலர்த்துகிறார்கள். அந்த மாவில் ஈஸ்ட்டும் வேண்டாம், சோடாவும் வேண்டாம். சீஸ் சேர்த்து உருட்டி அவனில் வைத்தால் தானே உப்புகிறது. இதில் வெயிலுக்குப் பெரிய பங்கு. அதே புளித்த ஸ்டார்ச்சை மெஷினில் உலர்த்தினால் அந்த அளவுக்கு உப்புவதில்லை.

14. காயவைக்கும்போது தரையில் சாக்கு விரிக்காதீர்கள்; தூசியும் சணல் நாரும் சேரும். வெள்ளைத் துணி விரித்த கட்டில், உயரமான தட்டு, எதுவானாலும் அடியில் காற்று ஓட வேண்டும். பிழிந்த துருவல் ஒரே நாளில் காயும். மேகமூட்டம் என்றால் அன்றைக்குத் தொடங்காதீர்கள். பாதி காய்ந்த துருவல் இராத்திரி முழுக்கக் குவியலாகக் கிடந்தால் காலையில் பச்சையும் கறுப்புமாகப் பூத்திருக்கும். பூசணம் வந்ததைத் துடைத்துவிட்டு அரைக்கும் வேலையே வேண்டாம், மொத்தமாகக் கொட்டிவிடுங்கள்.

15. பதம்: சீவலென்றால் உடைத்தால் 'டக்'கென்று முறிய வேண்டும், வளையக் கூடாது. துருவலென்றால் உள்ளங்கையில் அழுத்தினால் ஒட்டாமல் சலசலக்க வேண்டும்.

16. மில்லில் கோதுமையோ அரிசியோ அரைத்த பிறகு உங்கள் முறை வரும்படி நில்லுங்கள்; மிளகாய்க்குப் பின்னால் மட்டும் வேண்டாம். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கான மாவு என்றால் கோதுமைக்குப் பின்னாலும் கூடாது. அரைத்ததும் சூடாறவிட்டு, மெல்லிய சல்லடையில் சலியுங்கள். சல்லடையில் நிற்கும் நாரை ஆலைகளில் 'திப்பி' என்று மாட்டுத் தீவனத்துக்குத் தள்ளுவார்கள். வீட்டுத் திப்பியை மறுபடி மிக்ஸியில் சுற்றி அடைமாவில் கலந்துவிடலாம்.

17. எந்த ரகம், எப்படிச் செய்தார்கள் என்று தெரியாத மாவு கைக்கு வந்துவிட்டதா? ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹோவர்ட் பிராட்பரி கண்டுபிடித்த எளிய வழி இருக்கிறது. ஆப்பிரிக்கக் கிராமங்களில் பெண்கள் பின்பற்றுகிறார்கள். ஒரு கிண்ணத்தில் மாவைப் போட்டு, மாவு நிற்கும் மட்டத்தில் ஒரு கோடு போடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கலக்கக் கலக்க மாவு முதலில் அமுங்கும். மறுபடி அந்தக் கோட்டுக்கு ஏறும் வரை தண்ணீர் விடுங்கள். ஈர மாவை ஒரு சென்டிமீட்டருக்கு மிகாத கனத்தில் தட்டில் பரப்பி, வெயிலில் 2 மணி நேரமோ நிழலில் 5 மணி நேரமோ விட்டுவிடுங்கள். மாவில் தங்கியிருக்கும் நொதி ஈரம் பட்டதும் மறுபடி வேலையைத் தொடங்கும். சயனைடு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். அந்த மாவை அன்றைக்கே சமைத்துவிட வேண்டும். வாட்டி அரைத்த மாவில் நொதி செத்திருக்கும். அங்கே இந்த வழி பலிக்காது.

18. அளவுக்கு மீறிய வெளுப்பைக் கண்டு மயங்காதீர்கள். முழுக்கிழங்கு மாவுக்கு இயல்பான நிறம் மங்கல் வெள்ளை. சுண்ணாம்பு போல வெளுத்து, மோந்தால் நீச்சல்குள வாடை அடித்தால் வெளுப்பான் போட்டிருக்கலாம். தும்பைப்பூ நிறத்தில் கேட்டு வாங்கும் பழக்கத்தை நாம் விட்டால் போடுகிறவர்களும் விடுவார்கள்.

19. மஞ்சள் சதை ரகங்களும் இருக்கின்றன. ஸ்ரீகாரியத்தின் ஸ்ரீ விசாகம் இளமஞ்சள். நைஜீரியாவில் வைட்டமின் ஏ குறைபாட்டுக்காகவே மஞ்சள் மரவள்ளி ரகங்களை 2011-இல் வெளியிட்டார்கள். இந்த மாவை மட்டும் நேர் வெயிலில் காட்டாமல் நிழல்காய்ச்சலாக உலர்த்துங்கள். மஞ்சளுக்குக் காரணமான கரோட்டின் வெயிலில் அழியும். அரைத்து வைத்தாலும் நாளாக ஆகக் குறையும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகவே அரைக்க வேண்டும்.

20. சமையலில்: புட்டுக்குப் பச்சைத் தண்ணீர் தெளித்து விரல் நுனியால் பிசிறுங்கள், அழுத்திப் பிசைந்தால் பசையாகும். ரொட்டிக்கு நேர்மாறு. கொதிக்கும் தண்ணீர் ஊற்றி, கரண்டியால் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் பிசைந்தால்தான் விரியாமல் தட்ட வரும். இதில் கோதுமையின் பசைப்புரதம் கிடையாது, வெந்த மாவுச்சத்துதான் பிடிப்பைத் தர வேண்டும். கேக், பிஸ்கட்டில் கோதுமை மாவில் பத்தில் ஒரு பங்கு வரை மாற்றிப் போட்டால் வித்தியாசம் தெரியாது. புரதம் இதில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான். ஆகவே அடைக்குத் துவரையும் கடலையும் தாராளமாகச் சேருங்கள், புட்டுக்குக் கடலைக்கறி அல்லது மீன்குழம்பு. மலையாளிகள் கப்பைக்கு மீனைச் சேர்ப்பது ருசிக்காக மட்டும் என்று சொல்லிவிட முடியாது.

21. இலங்கையில் மரவள்ளி சமைக்கும் அன்றைக்கு இஞ்சி சேர்க்க மாட்டார்கள், சட்டியையும் மூட மாட்டார்கள். மூடாமல் வேகவைப்பதற்கான காரணம் மேலே சொன்ன சயனைடு ஆவிதான்.

22. எடுத்துவைப்பது காய்ந்த சீவலாகவோ துருவலாகவோ இருக்கட்டும். மாவாக அரைப்பது மாதத்துக்கு ஆகும் அளவு போதும். வண்டு புகுந்தால் சீவலைச் சல்லடைக் கண்ணாக்கி அடியில் தூளை மட்டும் விட்டு வைக்கும். மாதம் ஒரு முறை வெயிலில் காட்டி, ஆறியபின் மூடுங்கள். சூட்டோடு டப்பாவில் அடைத்தால் மூடியில் நீர் கோத்து மாவு கட்டிப்படும். டப்பா மேல் அரைத்த தேதியோடு ரகத்தின் பெயரையும் எழுதி ஒட்டுங்கள். அடுத்த தடவை சந்தையில் எதைக் கேட்டு வாங்குவது என்று யோசிக்க வேண்டியிருக்காது.